நிலைச்சட்டக் கிட்டார்

ரம்பம் கிறீச்சிட்டு நின்றது. கோவை மரக்கடையில் ஓர் அறுவை மில்லில் இருந்த நாலு பேரும் ஒரே நேரத்தில் திரும்பிப் பார்த்தார்கள். தேக்குச் சட்டத்துக்குள் இரண்டரை அங்குல ஆணி ஒன்று. எந்தக் காலத்திலோ யாரோ மாவிலைத் தோரணம் கட்டுவதற்காக அடித்தது.

"ஏந்தம்பி, ஆணி இருக்குதுன்னு ஒரு வார்த்தை சொல்லோணுமல்லோ?" என்றார் மில்காரர். பிளேடுக்கு நாற்பது ரூபாய் தனியாக வாங்கிக்கொண்டார். பிறகு மனம் இளகி, "என்னத்துக்குங்க இது, சாமி அலமாரிக்கா?" என்று கேட்டார். கிட்டார் செய்யப்போகிறேன் என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. "ஆமாங்ணா" என்று சொல்லிவிட்டு, நாலு துண்டுச் சட்டத்தையும் சைக்கிள் கேரியரில் வைத்துக் கட்டிக்கொண்டு, கணபதியில் இருந்த வீட்டுக்கு மிதித்தான்.

இது 1995-ம் வருடக் கதை. அவனுக்கு அப்போது பத்தொன்பது வயது, பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரிக்கல் இரண்டாம் வருடம். இதை எழுதுகிறவருக்கும் அவனுக்கும் பிறந்த தேதி ஒன்றுதான். இருந்தாலும் முப்பது வருடத்துக்கு முந்தைய அந்த ஒல்லிப் பையனை 'நான்' என்று உரிமை கொண்டாடக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. ஆகவே, அவன் என்றே இருக்கட்டும்.

ஆசைக்குக் காரணம் ஒரு கேசட். 1982-ல் வந்த 'பயணங்கள் முடிவதில்லை' படத்தில் நிலாவைப் பற்றிய பாட்டு ஒன்று இருக்கிறதே, அதன் கிட்டாரைக் கேட்டுக் கெட்டுப்போன தமிழ்ப் பையன்களைக் கணக்கெடுத்தால் ஒரு தாலுகா தேறும். கடைகளில் கிட்டார் இல்லாமல் இல்லை. கிவ்சன், கிப்டோன், ஹோப்னர் என்று வெளிநாட்டுப் பெயர்களின் ஜாடையில் பெயர் வைத்துக்கொண்ட கல்கத்தா கிட்டார்கள் கண்ணாடிக்குப் பின்னால் தொங்கின. எலெக்ட்ரிக் கிட்டாரின் விலைதான் மில் ஃபிட்டரான அப்பாவின் ஒரு மாதச் சம்பளத்தைத் தாண்டி நின்றது. வீட்டில் கேட்டுப் பார்க்கவே இல்லை. கேட்காமலே பதில் தெரிகிற விஷயங்களில் அது ஒன்று.

கோவையில் வளர்கிற பையனுக்கு இந்த இடத்தில் ஒரு பழைய கதை வந்து தூபம் போடும். 1893-ல் களங்கலில் பிறந்த ஜி.டி. நாயுடு, இளம் வயதில் ஒரு வெள்ளைக்கார அதிகாரியின் மோட்டார் சைக்கிளைப் பார்த்து மயங்கி, ஓட்டலில் சர்வர் வேலை செய்து காசு சேர்த்து அதை வாங்கி, அக்கக்காகப் பிரித்துப் படித்த கதை. பின்னாளில், 1937-ல், டி. பாலசுந்தரம் நாயுடுவோடு சேர்ந்து நாட்டின் முதல் மின்மோட்டாரைச் செய்த ஊர்ப் பெரியவர் அவர். அவர் கதையைச் சொல்லித்தான் இந்த ஊரில் ரேடியோ, மிக்ஸி, கடிகாரம் எல்லாவற்றையும் பையன்கள் பிரித்தார்கள். திரும்பச் சேர்த்தவர் நாயுடு. பிரித்ததோடு நின்றவர்கள் மற்ற எல்லோரும்.

அவன் கைக்கு முதலில் வந்தது ஒரு கழுத்து. ஊர் ஊராகத் திருவிழாவுக்குப் போகும் ஒரு மெல்லிசைக் குழுவின் கிட்டார் மழையில் நனைந்து, பிளைவுட் உடல் பூரியாக உப்பி, ஏடு ஏடாகப் பிரிந்துபோயிருந்தது. நூற்றைம்பது ரூபாய்க்குத் தள்ளிவிட்டார்கள். அதில் கழுத்தும் தந்தி தாங்கும் பிரிட்ஜ் தகடும் தேறின. தந்தி முறுக்கும் ஆறு பிருடைகளில் மூன்றுக்குப் பல் தேய்ந்திருந்தது. பிக்கப் செத்திருந்தது. அந்தப் பிக்கப்தான் எலெக்ட்ரிக் கிட்டாரின் காது: காந்தத்தைச் சுற்றி மயிரிழைக் கம்பி. இரும்புத் தந்தி மேலே அதிர்ந்தால் கம்பிச்சுருளில் சின்ன மின்சாரம் பிறக்கும். அது ஆம்ப்ளிஃபயருக்குப் போய்ச் சத்தமாகும். மோட்டாரைத் திருப்பிப் போட்ட கணக்கு என்று பாடப் புத்தகம் படித்தவனுக்குப் பட்டது. மோட்டார் ஊரில் இருந்துகொண்டு இதைச் செய்ய முடியாதா என்ற திமிரும் கூடவே வந்தது.

உடலுக்கு மரம் தேடியபோது, அன்னூர்ப் பக்கம் பெரியப்பாவின் பழைய வீட்டை இடித்துக்கொண்டிருந்தார்கள். ஓடு ஒருவருக்கு, கைமரம் ஒருவருக்கு என்று பேசி முடித்தாயிற்று. கீழ்ப்பக்கம் செல்லரித்த நிலைச்சட்டத்தை மட்டும் யாரும் சீண்டவில்லை. நாலு அங்குலம் அகலமான தேக்கு. செல் போன பாகத்தை வெட்டி எறிந்து, 45 மில்லிமீட்டர் கனத்துக்கு அறுத்து, நாலு துண்டுகளைப் பக்கவாட்டில் ஒட்டினால் ஒரு கிட்டார் உடல் கிடைக்கும். தேக்கில் எண்ணெய் உண்டு, பசை சட்டென்று பிடிக்காது. ஒட்டுகிற முகத்தைத் தின்னரில் துடைத்துவிட்டு உடனே ஃபெவிகால் தடவச் சொன்னார் தெரு ஆசாரி. இறுக்கிப் பிடிக்க நீளமான கிளாம்ப் இல்லை. பழைய சைக்கிள் டியூப்பை நாடாவாகக் கிழித்துச் சுற்றி, மேலே ஆட்டாங்கல்லை ஏற்றி இரண்டு நாள் விட்டான். அந்த இரண்டு நாளும் வீட்டில் தோசை இல்லை. அம்மா அதை இன்றும் சொல்லிக்காட்டுவார்.

வடிவத்தை அவன் செய்தித்தாளில் வரைந்தான். ஆசாரி வெட்டிக்கொடுத்தார். கழுத்து உட்காரும் பள்ளத்தை மட்டும் தானே உளியால் கொத்துகிறேன் என்று வாங்கிக்கொண்டு, வேண்டியதைவிட ஆழமாகக் கொத்திவிட்டான். பள்ளத்துக்கு அடியில் மடித்து வைத்த முட்டு, ஒரு தூரத்துச் சொந்தத்தின் கல்யாணப் பத்திரிகை. அட்டை நல்ல கனம். கழுத்தை நாலு திருகாணி போட்டு உடலோடு பிணைக்க, பின்பக்கம் ஓர் இரும்புப் பட்டை வேண்டும். காட்டூர் லேத் பட்டறை ஒன்றின் கழிவுக் குவியலில் மூன்று மில்லிமீட்டர் துண்டு கிடைத்தது. அதன் மேல் அழகுக்காக, எரிந்துபோன ஒரு மோட்டாரின் அலுமினியப் பெயர்த்தகட்டை ஒட்டினான். கம்பெனிப் பெயர் அழிந்திருந்தது. 'ஹெச்.பி. 1, ஆர்.பி.எம். 1440' என்பது மட்டும் தெளிவாகத் தெரிந்தது.

பிறகுதான் பெரிய தப்பு நடந்தது.

பழைய பிரிட்ஜைப் புது உடலில் எங்கே வைப்பது? கண்ணுக்கு எங்கே லட்சணமாக இருந்ததோ அங்கே வைத்துத் திருகினான். தந்தி கட்டி மீட்டினால் திறந்த சுரம் அருமையாக இருந்தது. கழுத்தின் குறுக்கே பதித்த கட்டைகளில் விரல் வைத்ததும் ஒவ்வொரு சுரமும் கோணியது. மேலே போகப் போக அதிகம் கோணியது. வாங்கிய தந்தி மட்டம் என்று இரண்டு நாள் தந்தியைத் திட்டினான். கட்டை வைத்த கழுத்து ஒரு கணக்கு என்பதும், அந்தக் கணக்கைக் கழுத்து தனக்குள்ளேயே எழுதிவைத்திருக்கிறது என்பதும் ஒரு ராத்திரி ஸ்கேலை வைத்து அளந்தபோது பிடிபட்டது. தலைப்பக்க நட்டிலிருந்து பன்னிரண்டாவது கட்டை வரை 324 மில்லிமீட்டர். அங்கே விரல் வைத்தால் தந்தி சரிபாதியாகி மேல் ஷட்ஜம் பேச வேண்டும். அப்படியென்றால் கட்டையிலிருந்து பிரிட்ஜ் வரையும் இன்னொரு 324. மொத்தம் 648. அவன் பிரிட்ஜ் 640-ல் நின்றது. எட்டு மில்லிமீட்டர்தான். காதுக்கு அது பன்னிரண்டாம் கட்டையில் அரைச் சுரத்தின் ஐந்தில் ஒரு பங்கு ஏற்றம். பல்லில் கல் கடிபடுவதற்கு அது போதும்.

மரம் எதுவாகவும் இருக்கலாம், ஆணி ஓட்டையோடு இருக்கலாம், திருகாணி ஒன்றுக்கொன்று சேராமல் இருக்கலாம். இந்த ஓர் அளவு மட்டும் யாருக்காகவும் வளையாது. உதிரிப் பாகத்தில் கிட்டார் செய்யப்போகிறவர்கள் வேறு எதில் வேண்டுமானாலும் சோம்பேறியாக இருக்கலாம் என்று இன்றும் அவன் சொல்வான். தடித்த தந்திக்கு இன்னும் இரண்டு மூன்று மில்லிமீட்டர் பின்னால் தள்ள வேண்டும் என்பது அடுத்த பாடம். அழுத்தும்போது தந்தி கொஞ்சம் இறுகி, சுரம் ஏறிவிடுவதால் அந்தச் சலுகை. பழைய திருகாணி ஓட்டைகளில் தீக்குச்சியைப் பசை தொட்டு அடைத்தான்.

இனி பிக்கப். எங்கேயோ ஜெராக்ஸ் எடுத்த இரண்டு ஆங்கிலப் பக்கங்களில் '42 கேஜ் கம்பி, 8,000 சுற்று' என்றிருந்தது. வைண்டிங் கம்பிக் கடைக்குப் போய் 42 கேஜ் கேட்டான். "எந்த மோட்டாருக்குங்க?" என்றார் கடைக்காரர். "கிளாஸ்ல ப்ராஜெக்டுங்க" என்று மறுபடி ஒரு பொய். கிராம் கணக்கில் நிறுத்துக் கொடுத்தார். காந்தம், பழைய பீரோக் கதவைப் பிடித்துக்கொண்டிருந்த கருப்புக் காந்தக் கட்டி. அதன் மேல் ஆறு தந்திக்கு ஆறு போல்ட் துண்டுகள். மேலும் கீழும் ஹைலம் ஷீட்டில் வெட்டிய தட்டு. சுற்றினால் மூவாயிரம் சுற்றிலேயே பாபின் நிரம்பி வழிந்தது. மீட்டரை வைத்துப் பார்த்தால் ஒரு கிலோ ஓம் கூட இல்லை. சத்தம், அடுத்த தெருவில் யாரோ வாசிப்பதுபோல் வந்தது.

தப்பு கடைக்காரர் மேல் இல்லை. அமெரிக்க 42 கேஜ் வேறு, நம் ஊர்க் கடைகள் பேசும் பிரிட்டிஷ் அளவின் 42 வேறு. அமெரிக்கக் கம்பி 0.063 மில்லிமீட்டர், நம் கடையில் 42 என்றால் 0.1 மில்லிமீட்டர். அமெரிக்கன் 42-க்கு இங்கே கிட்டத்தட்ட 46 என்று கேட்க வேண்டும். பாலிடெக்னிக்கில் இரண்டு அளவு முறையும் பாடம். பரீட்சையில் எழுதி மார்க் வாங்கிய விஷயம் கடை வாசலில் ஞாபகம் வராதது கல்வியின் குறையா, அவன் குறையா என்று தெரியாது. ரிலே சுற்றுகிற ஒருவரிடம் 46 கேஜ் மிச்ச ரீல் ஒன்று கிடைத்தது. கம்பி இருப்பது கண்ணுக்கே தெரியாது; வெயிலில் சாய்த்துப் பிடித்தால் செம்பு மினுங்கும்.

அதை ட்ரில்லிங் மெஷினில் மாட்டிச் சுற்றினான். அறுந்தது. தையல் மெஷின் மோட்டாரில் மாட்டினான். அறுந்தது. மூன்றாவது முறை அறுந்தபோது பாபினைப் பையில் போட்டுக்கொண்டு சோமனூருக்கு, அம்மாவைப் பெற்ற அம்மாயி வீட்டுக்குப் பஸ் ஏறினான்.

அம்மாயி கைத்தறிக் காலத்திலிருந்து ராட்டையில் நூலைத் தாராகச் சுற்றியவர். வீட்டுக்குள் விசைத்தறி வந்த பிறகும் ராட்டையைப் பரணில் ஏற்ற விடவில்லை. மற்ற எல்லோரிடமும் புளுகியவன் அவரிடம் மட்டும் உள்ளதைச் சொன்னான், கிட்டாருக்கு என்று. "வீணையாட்டமா?" என்றார். "அந்த மாதிரிதான் அம்மாயி." அதற்கு மேல் அவர் கேட்கவில்லை. கம்பியை இரண்டு விரலுக்கு நடுவே ஓட்டிப் பார்த்தார். "இதென்ன கண்ணு, முடியாட்டம் இருக்குது" என்றார். சொன்னது அளவிலும் சரி. ஒரு தலைமுடியின் கனம்தான் அது.

தார்க்குச்சி செருகும் கதிரில் பாபினை மெழுகு வைத்து நிறுத்தினார்கள். சக்கரம் ஒருமுறை சுற்றினால் கதிர் முப்பது முறை சுற்றும் என்று அவன் எண்ணிப் பார்த்து, 270 சக்கரச் சுற்று என்று கணக்குப் போட்டான். வலது கை சக்கரத்தில், இடது கை கம்பியில். கம்பியை அவர் பிடிக்கவே இல்லை என்றுதான் தோன்றும்; சுட்டுவிரல் மேல் அது தானாக வழுக்கிக்கொண்டு போனது. ரீலில் எங்காவது சிக்கினால், கம்பி இறுகுவதற்கு முன்பே சக்கரத்தில் இருந்த கை நின்றது. அவன் ஒரு தடவை ரீலை இழுத்துக் கொடுக்கப் போனான். "இழுக்காத சாமி, அதுவா வரோணும்" என்றார். நூற்றுச் சொச்சம் சக்கரத்துக்கு ஒருமுறை நிறுத்தி வெற்றிலை போட்டுக்கொண்டார். அந்த இடைவேளைகளில் எண்ணிக்கை ஒருமுறை தப்பியது. அதனால் அந்தப் பிக்கப்பில் 8,000 சுற்றா, 8,300 சுற்றா என்பது யாருக்கும் தெரியாது. கம்பி ஒரு இடத்தில்கூட அறுந்துபோகவில்லை. மீட்டர் ஆறு கிலோ ஓமைத் தாண்டிக் காட்டியது.

எலெக்ட்ரிக் கிட்டாரின் பிறப்பே இப்படித்தான் என்று அப்போது அவனுக்குத் தெரியாது. 1930-களின் தொடக்கத்தில் லாஸ் ஏஞ்சலிஸில் ஜார்ஜ் போஷாம்ப் தன் முதல் பிக்கப்பைச் சுற்றியது வீட்டுச் சலவை மெஷினின் மோட்டாரை வைத்து என்று சொல்வார்கள். 'ஃப்ரையிங் பேன்' என்று கேலிப் பெயர் வாங்கிய அந்தக் கிட்டாருக்குக் காப்புரிமை கிடைத்த வருடம் 1937. கோவையில் மோட்டார் பிறந்த அதே வருடம். இரண்டுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லைதான். அவனுக்கு என்னவோ இது பிடித்திருக்கிறது.

சுற்றிய சுருளை அப்படியே விட்டால் கம்பிகள் ஆடி, சத்தத்தைக் கூட்டும்போது ஊளையிடும். வைண்டிங் கடையாக இருந்தால் வார்னிஷில் முக்கி எடுப்பார்கள். அவன் மெழுகுவர்த்திகளை ஒரு டப்பாவில் போட்டு, டப்பாவைச் சுடுதண்ணீரில் வைத்து உருக்கி, குமிழி நிற்கும்வரை பிக்கப்பை அதில் ஊறவிட்டான். நேராக அடுப்பில் வைத்தால் மெழுகு தீப்பிடிக்கும். செய்பவர்கள் இதை மட்டும் மறக்க வேண்டாம். வால்யூமுக்குப் பழைய வால்வு ரேடியோவின் 500 கே கன்ட்ரோல். அதில் ஆன்-ஆஃப் ஸ்விட்சும் சேர்ந்தே இருந்ததால், கிட்டாரின் சத்தத்தை முழுக்கக் குறைத்தால் 'டக்' என்று ரேடியோ அணைகிற சத்தம் கேட்கும். நட்டுக்குப் பித்தளைத் துண்டு. தேய்ந்த மூன்று பிருடைகளுக்குப் பதில், உடைந்த சாதாக் கிட்டார் ஒன்றின் வலப்பக்கப் பிருடைகள். இவன் கிட்டாரிலோ ஆறும் இடப்பக்கம். ஆகவே மூன்று ஒரு பக்கம் திருகினால் ஏறும். மூன்று எதிர்ப்பக்கம் திருகினால் ஏறும்.

ஒரு சாயங்காலம் கணபதியில் ஒரு மைக்செட் கடையில் கொண்டுபோய்ச் சொருகினான். கல்யாணத்துக்கும் கட்சிக் கூட்டத்துக்கும் போகும் ஆம்ப்ளிஃபயர். 'ங்ங்ங்' என்று பெரிய வண்டுச் சத்தம் முதலில் வந்தது. அதற்கு உள்ளே எங்கேயோ கிட்டார். அவன் திரும்பி நின்றால் வண்டு குறைந்தது. கிழக்கே பார்த்தால் கூடியது. கடைக்காரர் ஐந்து நிமிடம் பொறுமையாகக் கேட்டார். "சத்தம் நல்லாத்தான் வருது தம்பி. கூடவே எங்கூட்டு கிரைண்டரும் வருது" என்றார். மாடியில் உண்மையிலேயே மாவு ஓடிக்கொண்டிருந்தது.

ஒற்றைச் சுருள் பிக்கப் ஓர் ஆன்டெனா. தந்தியைக் கேட்பதுபோலவே, சுவருக்குள் ஓடும் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தையும், பக்கத்தில் சுற்றும் மோட்டாரையும் கேட்கும். இதற்கு மருந்து கண்டவர் கிப்ஸன் கம்பெனியின் சேத் லவர். 1955-ல் அவர் இரண்டு சுருள்களை எதிரெதிராக இணைத்து, இரைச்சல் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு சாகும்படி செய்தார்; ஹம்பக்கர் என்று பெயர். இன்னொரு சுருள் சுற்ற அவனிடம் கம்பி இல்லை, அம்மாயியை மறுபடி உட்காரவைக்கவும் மனசில்லை. மிச்சம் இருந்த வழி, கிட்டாரின் குழிக்குள் செம்புத் தகடு ஒட்டி எர்த் கொடுப்பது. கோவையில் மெல்லிய செம்புத் தகடு எங்கே கிடைக்கும்? தேர்முட்டிப் பக்கம், பூஜைச் சாமான் கடையில். "சரஸ்வதி யந்திரமுங்களா, லட்சுமியா?" என்று கேட்டார் கடைக்காரர். "சரஸ்வதிங்க" என்றான். பொய்களிலேயே உண்மைக்குப் பக்கத்தில் வந்த பொய் அதுதான். தகடு ஒட்டி, பிரிட்ஜுக்கும் ஒரு ஒயர் இழுத்ததும் வண்டு பாதியாக அடங்கியது. மீதிப் பாதி இன்றும் இருக்கிறது.

கிட்டார் கலைஞர் பிரையன் மேயின் கதையை அவன் படித்தது இதற்கெல்லாம் பல வருடம் கழித்து. லண்டனுக்குப் பக்கத்தில் 1963-ல், பதினாறு வயதில், தன் அப்பா ஹெரால்டோடு சேர்ந்து ஆரம்பித்து இரண்டு வருடம் செய்த கிட்டார். கழுத்து, ஒரு பழைய வீட்டின் கணப்படுப்புச் சட்ட மரம். அதில் பூச்சி துளைத்த ஓட்டைகளைத் தீக்குச்சியால் அடைத்தார்களாம். அந்த இடத்தில் அவன் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தான். ட்ரெமலோ ஸ்பிரிங் 1928-ம் வருட பேந்தர் மோட்டார் சைக்கிளின் வால்வு ஸ்பிரிங். கைப்பிடி நுனி, அம்மாவின் பின்னல் ஊசி. கழுத்தில் பதித்த புள்ளிகள் அம்மாவின் தையல் பெட்டியில் இருந்த முத்துச்சிப்பிப் பொத்தான்கள். அதே கிட்டாரோடுதான் 2002-ல் பக்கிங்ஹாம் அரண்மனைக் கூரையில் ஏறி நின்றார். மே தானே சுற்றிய முதல் பிக்கப்புகள் சரிவராமல், கடைசியில் பர்ன்ஸ் கம்பெனி பிக்கப் வாங்கிப் போட்டார் என்றும் படித்தான். அம்மாயி சோமனூரில் இருந்தார், லண்டன் பக்கம் யார் இருந்தார்கள்?

எடி வான் ஹேலனின் கிட்டாரும் இந்தச் சாதிதான்: குறை உள்ளது என்று கழித்த 50 டாலர் உடல், 80 டாலர் கழுத்து, வேறொரு கிட்டாரிலிருந்து பிடுங்கி மெழுகில் முக்கிய பிக்கப், சைக்கிள் பெயின்ட். எரிக் கிளாப்டனின் 'பிளாக்கி'யையும் சிலர் இந்தப் பட்டியலில் சேர்ப்பார்கள். அவர் 1970-ல் நாஷ்வில்லில் ஆறு பழைய ஸ்ட்ராட்டோகாஸ்டர்களை மொத்தமாக வாங்கி, மூன்றை நண்பர்களுக்குக் கொடுத்துவிட்டு, மிச்ச மூன்றின் நல்ல பாகங்களைச் சேர்த்து ஒன்றாக்கினார். 2004 ஏலத்தில் அது 9,59,500 டாலருக்குப் போனது. நல்ல கிட்டார்தான், மறுக்கவில்லை. ஆனால் மூன்று முழுக் கோழியை அறுத்துக் குழம்பு வைப்பதை மிச்சத்தில் சமைத்தது என்று சொல்லக் கூடாது.

நிலைச்சட்டக் கிட்டார் மளிகைக் கடைத் தராசில் நாலரைக் கிலோ காட்டியது. தோளில் மாட்டி ஒரு மணி நேரம் நின்றால் மறுநாள் கழுத்து திரும்பாது. பிள்ளையார் சதுர்த்தி மேடைகள் நான்கைந்து, ஒரு கல்லூரி விழா, ஒரு தங்கை கல்யாணம். அதன் பொதுவாழ்வு அவ்வளவுதான். அவன் கிட்டார் கலைஞன் ஆகவில்லை. பம்ப்செட் மோட்டார் தொழிலுக்குப் போனான். அம்மாயி அந்தக் கிட்டாரை ஒரே ஒருமுறை கேட்டார், 1996 பொங்கலுக்கு. முழுப் பாட்டையும் கேட்டுவிட்டு, "நடுவுல ஒரு பக்கம் அறுந்திருக்குமோன்னு நெனச்சேன், இல்ல" என்றார்.

கிட்டார் இப்போது கணபதி வீட்டில், கூடத்துச் சுவரில் தொங்குகிறது. பின்னால் 1440 என்று தகடு. பக்கவாட்டில், மில்காரரின் பிளேடைக் கெடுத்த ஆணி இருந்த ஓட்டை. எடுத்து வாசிக்க யாருக்கும் தடை இல்லை. ஒன்று மட்டும் கேட்டுக்கொண்டு தொடவும்: முதல் மூன்று தந்திகளின் பிருடைகள் எதிர்ப்பக்கம் ஓடும். இறக்குவதாக நினைத்து ஏற்றித் தந்தியை அறுத்தவர்கள் இதுவரை நாலு பேர். புதுத் தந்திக்கான காசை நாலு பேரிடமும் வாங்கியாயிற்று.